தைத்த கைக்கே

"மதினி, வர்ற ஞாயித்துக்கெழம அண்ணே சாட்சி சொல்லப் போறாக. நீங்க கட்டாயம் வந்துரணும்."

ராமாயி சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். சித்ராதேவியின் குடம் குழாயடியிலேயே நின்றது. தண்ணீர் நிறைந்து, வழிந்து, அவள் காலை நனைத்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"சாட்சியா? எந்தக் கோர்ட்டுல?"

"கோர்ட்டு இல்ல மதினி..."

"அப்ப போலீஸ் டேசனுங்களா? அய்யோ, யாரப் போட்டு அடிச்சாரு? மூணு மாசமா ஒழுங்கா இருக்கறாரேன்னு நெனச்சேன். என்ற வாய் முகூர்த்தம்!"

"ஏத்தா, நீங்க வேற. ஜெபவீட்டுல மதினி. ஆண்டவரு தனக்குச் செஞ்சத எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லுவோம்ல, அதுக்குப் பேருதான் சாட்சி."

சித்ரா குடத்தை எடுத்துக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள்.

"சாட்சின்னா பாத்தவிய வந்து சொல்றதுங்க. குடிச்சவரே வந்து சொன்னா அது எப்புடிச் சாட்சி? பாத்தவ நானல்ல? இருவத்துநாலு வருசமாப் பாத்தவ நானு. என்னையக் கூப்படாம அவரக் கூப்பட்டுட்டீங்களே!"

ராமாயி சிரித்தாள். மேல் வரிசையில் இரண்டு பல் இல்லாத சிரிப்பு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் அவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சித்ராவின் வீட்டுக்காரர் கந்தவேல் அதே கம்பெனியில் டெய்லர். அவரை ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனவளும் இவள்தான்.

அவள் போனதும் சித்ரா, வரிசையில் அடுத்து நின்ற என் பக்கம் திரும்பினாள்.

"மதினியாமா மதினி. அவளுக்கு அண்ணன் வேணும்னா அவிய ஊர்ல தேடிக்கறது. அனுப்பர்பாளையத்துல வந்துதான் கெடைக்கோணுமா?"

எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு. ஒவ்வொன்றும் ஒரே நீளமான அறை. நடுச்சுவர் ஆள் உயரம்தான். அதற்கு மேலே ஓடு வரைக்கும் திறப்பு. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் வரும். பேச்சும் அப்படித்தான். சித்ராவின் வீட்டுக்கு அடுத்தது என் வீடு. அவள் வாங்கிய அடி ஒவ்வொன்றும் எனக்குக் காதால் தெரியும். நான்கு முறை ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். மற்ற நாட்களில் தட்டவில்லை.

தீபாவளி நோம்பி முடிந்து கம்பெனிகள் எல்லாம் லீவில் கிடந்த வாரம் அது. பாத்திரப் பட்டறைகளில் தட்டல் சத்தம் இல்லை. ஐப்பசித் தூறல் மட்டும் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. இந்த லீவு வாரம்தான் முன்பெல்லாம் சித்ராவுக்குக் கெட்ட வாரம். காலை பத்து மணிக்கே அவர் குடிக்க ஆரம்பித்துவிடுவார். இந்த வருசம் கந்தவேல் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வழித்துச் சீவி, ஜெபவீட்டுக்குப் பாய் கழுவப் போனார்.

லீவாக இருந்தாலும் எங்களுக்கு வேலை இருந்தது. ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றுபோன பீஸ் இரண்டு மூட்டையைக் கான்ட்ராக்டர் செங்கோட்டையன் வண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். குழந்தைகள் போடுகிற டி-சட்டை. தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். பிசிர் வெட்டுவது என்போம். வெட்டும்போதே தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் விரல் நகம் அளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தனியாகப் போட வேண்டும். அது ஆல்ட்ரு பீஸ். பிரித்துத் தைக்கத் திரும்பப் போகும். அந்த ஸ்டிக்கரின் பசை பொல்லாதது. துவைத்த சட்டையில்கூட ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்குள் மூட்டையைப் பிரித்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சித்ராவுக்குச் சஷ்டி விரதம். ஆறு நாளும் பாலும் பழமும்தான்.

"அக்கா, நா ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாதுங்க."

"கேளு."

"நா அழகா, அவ அழகா?"

"எவ?"

"அந்த ராமாயிதானுங்க."

"அவளுக்கு முன்பல்லு ரெண்டு இல்ல சித்ரா."

"அதானுங்க எனக்குமு புரியல." கத்தரி அவள் கையில் சட்சட்டென்று வெட்டியது. "அவளோட போயிருந்தாருன்னாக்கூட எனக்குச் செய்யத் தெரியுமுங்க. நேராப் போயி அவ சடையப் புடிச்சு நாலு இழுப்பு இழுத்துட்டு வந்திருப்பேன். இவரு போயிருக்கற எடத்துல யாரு சடையப் புடிக்கறது, சொல்லுங்க பாக்கலாம்?"

நான் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

"பதினாறு வருசம் அக்கா. புள்ள வினிதா ரெண்டாவது படிக்கறப்ப ஆரம்பிச்சது இந்த வெரதம். வருசம் தவறாமப் பழனிக்கு நடந்திருக்கறேன். பாதத்துல கொப்புளம் வெடிச்சு ரத்தம் வந்திருக்குது. முருகா, அந்தச் சனியன அவரு வாயில இருந்து எடுத்துருன்னு கேட்டேன். அவ ஒரே ஒரு நாளு ஆட்டோவுல உக்காந்துட்டுக் கேட்டா. ஆயிப்போச்சு."

ஆடி மாதம் நடந்தது அது. அவர் போதையில் தைத்த பீஸ் கட்டு ஒன்று முழுக்க ராமாயி அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பினாள். கந்தவேல் அந்தக் கட்டை அவள் மூஞ்சியில் விட்டெறிந்தார். எறிந்த வேகத்தில் போய் மிசினில் உட்கார்ந்து மிதித்தார். ஊசி கட்டைவிரலில் ஏறி நகத்தைத் துளைத்து வெளியே வந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மூஞ்சியில் அடிவாங்கிய ராமாயிதான் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்கக் கையைப் பிடித்து ஜெபம் பண்ணினாளாம். அடுத்த ஞாயிறு அவராகக் கேட்டு அவள் பின்னால் போனார். அன்றிலிருந்து வாயில் சொட்டு விழவில்லை.

"எப்படியோ நின்னுதல்ல? எந்த வழில வந்தா என்ன, சித்ரா?"

"வழி எனக்கு முக்கியமுங்க. மரம் வெச்சுத் தண்ணி ஊத்துனவ நானு. காய் பறிக்கறவ அவளா? நாஞ் சொன்னப்ப கேட்டாரா? புள்ளயத் தூக்கிட்டு நின்னு அழுதப்ப கேட்டாரா? வேற ஒருத்தி சொன்னாக் கேக்க முடியற காது, இத்தன நாளும் எங்கீங்க இருந்துச்சு?"

அவளுக்குள் அது புகைந்துகொண்டே இருந்தது. அவர் எதைச் செய்தாலும் கணக்காகக் கவனித்தாள். ஜெபவீட்டுப் பாயை அலசுகிறவர் இங்கே ஒரு நாள் தலையணை உறை அலசியிருப்பாரா? அங்கே பாட்டுப் பாடுகிறாராமே, இங்கே ஒரு நாள் தொட்டில் ஆட்டியிருப்பாரா? மகள் வினிதாவைக் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. போனில் அவளிடமும் சொல்லிப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அப்பா குடிக்கலயல்லம்மா? அடிக்கலயல்ல? அப்பறம் உனக்கு என்னதாம்மா வேணும்?"

"எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சா உன்னைய ஏங் கண்ணு கேக்கறேன்?" என்று வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அரிசியும் பருப்பும் போட்டுக் குழைய வடித்த சோறு. நெய் வாசம் ஓடு வரைக்கும் வந்தது. விரதக்காரி வெறும் வயிற்றோடு ஆக்கிப் போட்டிருக்கிறாள்.

தட்டு வைக்கும் சத்தம். பிறகு அவர் குரல், கண் மூடிய குரல். "ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்த ஆகாரத்துக்காக உமக்கு நன்றிங்க."

"ஆக்குனவ இங்க நிக்கறேன்" என்றாள் சித்ரா. "நன்றி எனக்கு மேலால தாண்டிப் போவுது."

"என்ன சித்ரா?"

"ஒண்ணுமில்லீங்க. சோறு ஆறுது, உண்ணுங்க."

ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"அங்க போயி நா எதாச்சுஞ் சத்தம் போட்டுட்டா வாயப் பொத்தறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க்கா" என்றாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் திருநீறு, குங்குமம், தலையில் இரண்டு முழம் பூ. யாரிடமோ போட்டிக்குப் போகிறவள் மாதிரிதான் இருந்தாள்.

ஜெபவீடு மாடியில். முன்பு அங்கே காலர் பின்னுகிற மிசின் ஓடியது. இப்போதும் தரையில் கிரீஸ் வாசம் போகவில்லை. தகரக் கூரையில் தூறல் தடதடத்தது. நாற்பது ஐம்பது பேர் பாயில் இருந்தார்கள். தெற்கத்திக்காரர்கள் பாதி, நம்மூர்க்காரர்கள் கொஞ்சம், வடக்கேயிருந்து வந்த பையன்கள் நாலைந்து பேர். பாஸ்டர் ராபின் சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து வணக்கம் சொன்னார். சித்ராவின் திருநீற்றைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுகூட அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

கந்தவேல் எழுந்து நின்றார். மைக்கைப் பிடித்த கையில் கட்டைவிரல் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது.

"நா நல்லவன் இல்லீங்க" என்று ஆரம்பித்தார். "இருவது வருசத்துக்கு மேலயே குடிச்சேன். சம்சாரத்த அடிச்சேன். சொம்பத் தூக்கி அடிச்சு அவ புருவம் கிழிஞ்சு அஞ்சு தையல் போட்டிருக்குது. புள்ள பயந்துட்டுக் கட்டிலுக்கடியில தூங்கும்."

உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிச் சித்ராவைப் பார்த்தார்கள். அவள் இடது புருவத்தைப் பார்த்தார்கள். அவள் பூவைச் சரி செய்வது போலக் கையைத் தூக்கி அதை மறைத்தாள்.

"இன்னிக்கு நா புது ஆளுங்க. அந்தப் பழைய கந்தவேலு செத்துட்டான். செத்தே போயிட்டானுங்க!"

"ஸ்தோத்திரம்! அல்லேலூயா!" என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

சித்ராவின் கை தன்னால் தாலிக்குப் போயிற்று. இறுகப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இப்படிச் சொல்றாரு?" என்றாள், என் காதில்.

கந்தவேல் நிறுத்தவில்லை. "இந்த ராமாயி அக்கா மூஞ்சில பீசு கட்ட விட்டெறிஞ்சேன். அந்த அக்காதான் எனக்கு வழி காட்டுச்சு. அக்கா, இத்தன பேரு முன்னாடி கேக்கறேன், என்னைய மன்னிச்சுருங்க." இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். ராமாயி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்து நம் பக்கம் திரும்புவார் என்று நான் பார்த்தேன். சித்ராவும் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கூட உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைக் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவருக்கு ஞானஸ்நானம் என்றும், விருப்பப்பட்டால் புதுப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றும் பாஸ்டர் அறிவித்தார்.

வரும் வழியில் சித்ரா குடையை விரிக்கவே இல்லை. பட்டுச்சேலை நனைந்து காலில் சுற்றியது. வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"அவகிட்டக் கேட்டாரல்லங்க்கா?"

"கேட்டாரு."

"எங்கிட்டக் கேக்கலியே."

மறுநாள் திங்கட்கிழமை. கம்பெனி திறந்துவிட்டது. அவர் காலை ஷிப்டுக்குப் போனார். சாயங்காலம் கோவிலில் சூரசம்ஹாரம். நான் குளித்துத் தயாராகி அவளைக் கூப்பிட்டேன்.

"நா வரலீங்க்கா."

"பதினாறு வருசமாப் போறவ, இன்னிக்கு வரலியா?"

"எனக்கு ஊட்டுல வேல இருக்குது. உங்ககிட்ட இருக்கற ஸ்டிக்கர் அட்டையக் குடுங்க."

பிசிர் வேலைக்கு வந்த அட்டையைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக் கொடுத்தேன்.

கோவிலிலிருந்து நான் திரும்பியபோது பொழுது விழுகிற நேரம். பிரசாதத்தைக் கொடுக்க அவள் வீட்டுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வீடெல்லாம் சிவப்பு அம்பு.

கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடம் ஒன்று உண்டு. அதன் வயிற்றில் ஒடுக்கு. ஒடுக்குக்கு நேரே ஓர் அம்பு. பீரோக் கண்ணாடி விரிசலுக்கு ஓர் அம்பு. பிடுங்கிப்போன கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒன்று. குழம்புச் சட்டி பறந்துபோய் மோதிய சுவரில், மூன்று முறை வெள்ளையடித்தும் மறையாத மஞ்சள் கறைக்கு ஒன்று. காலொடிந்த முக்காலிக்கு, முருகன் படத்தின் உடைந்த கண்ணாடி மூலைக்கு, டிவி இருந்த வெற்று இடத்துக்கு. எல்லா அம்பும் பழுதைக் காட்டி நின்றன. நடுவில் சித்ரா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இடது புருவத்திலும் ஓர் அம்பு.

"என்ன புள்ள இது?"

"உக்காருங்க்கா. அவரு வர்ற நேரம்."

சொல்லி முடிக்கவில்லை, அவர் வந்துவிட்டார். வாசலில் கால் கழுவினார். நிமிர்ந்தார். சோற்றுத் தூக்குப் போசி இருந்த பையைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன சித்ரா இதெல்லாம்?"

"செக்கிங்குங்க. நோம்பிக்கு ஊடு கூட்டுனனல்ல, அப்படியே செக்கிங்கும் பாத்துட்டேன். நெறைய ஆல்ட்ரு."

அவர் பையைக் கீழே வைத்தார். "இது... இதெல்லாம் அந்தப் பழைய ஆளு பண்ணுனது. அவந்தான் செத்துட்டான்னு நேத்தே சொல்லீட்டனே."

"உங்க கம்பெனில ஆல்ட்ரு பீசு வந்தா யாருகிட்டப் போகும்?"

"தெச்சவங்கிட்ட."

"அவன் லீவுன்னா?"

"வர்ற வரைக்கும் அவம் மிசின் மேலயே கெடக்கும். அடுத்தவன் தொடமாட்டான். அவனவன் கைவாகு அவனவனுக்குத்தான் தெரியும்."

"தெச்சவன் செத்துட்டா?"

கந்தவேல் குனிந்து பையை ஓரமாக நகர்த்தினார்.

"சொல்லுங்க. தெச்சவன் செத்துட்டா பீசக் கொண்டுபோயி வேஸ்ட்டுல போட்டுருவீங்களா? அப்ப என்னையுமு போடுங்க. உங்களுக்குப் பழைய ஆளக் கழட்டிப் போட்டுட்டுப் புது ஆளா வர்றதுக்கு எடம் இருக்குது. அடிவாங்குன பழைய பொம்பள நா எங்க போறது?"

"ஆண்டவர் என்னைய மன்னிச்சுட்டாரு சித்ரா."

"அவரு மன்னிச்சாரு. சரி. அஞ்சு தையலு அவரு புருவத்துலயா போட்டாங்க?"

நான் வெளியே போகலாம் என்று எழுந்தேன். அவள் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ராமாயியக் கையெடுத்துக் கும்புட்டீங்க. ஊரே பாத்துது. அவ மூஞ்சில நீங்க விட்டெறிஞ்சது துணி. எம் மூஞ்சில விட்டெறிஞ்சது சொம்பு. எனக்கு வர வேண்டியதத் தூக்கி அவளுக்குக் குடுத்துட்டு வந்திருக்கறீங்க. மிச்சத்த மேல இருக்கறவருக்குக் குடுத்துட்டீங்க. எனக்குன்னு என்னங்க வெச்சிருக்கறீங்க?"

"நாந்தான் இப்ப அந்த ஆளு இல்லியே..."

"கந்தவேலு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்ரா வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதே இல்லை. ரேசன் கார்டுக்கு எழுதப் போனபோதுகூட, "மலைமேல நிக்கற சாமி பேருங்க, கடைசீல ஆயுதம் வருமுங்க" என்று சொல்லி அங்கிருந்தவர்களைச் சிரிக்க வைத்தவள். இருபத்துநாலு வருசத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது. கம்பெனியில் ஆள் கூப்பிடுகிற மாதிரி, உரக்க வந்தது.

"இருக்கறேன்" என்றார் அவர்.

யோசித்துச் சொன்னதில்லை. தன்னால் வந்த பதில். சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது.

"செத்தவன் பேரச் சொன்னாத் தப்பில்லீன்னுதான் கூப்புட்டேன்" என்றாள் சித்ரா. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. "செத்தவன் எப்படீங்க இருக்கறேன்னு சொல்லுவான்?"

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"நேத்து உன்ற பக்கம் திரும்பணும்னுதான் இருந்துச்சு" என்றார். தரையைப் பார்த்துத்தான் பேசினார். "நீ அந்தப் புருவத்தக் கையில மறச்சுட்டிருந்த. பாத்துட்டேன். அதுக்கு மேல வாய் வரல. சாமிகிட்டச் சொல்றது லேசா இருக்குது சித்ரா. சாமி மூஞ்சி தெரியறதில்ல. ராமாயி அக்காகிட்டக் கேக்கறதும் லேசு, ஒரே ஒரு தப்புதான். உங்கிட்ட எதுல இருந்து ஆரம்பிக்கறது? உன்ற மூஞ்சியப் பாத்தா எல்லாம் ஒண்ணா வருது."

"அதுக்குத்தான் ஒவ்வொண்ணா ஒட்டி வெச்சிருக்கறேன்."

அவர் எழுந்தார். பித்தளைக் குடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"இது... வினிதாவுக்குக் காது குத்துன வருசம். உங்கண்ணன் ஒரு வார்த்த சொல்லீட்டான்னு உன்னையத் தள்ளிவிட்டேன். நீ குடத்து மேல விழுந்த."

"விலாவுல ஒரு மாசம் வலி இருந்துச்சு. சொல்லுங்க."

"தப்புதான். எந் தப்புதான்."

"யாரு தப்பு?"

"எந் தப்பு. கந்தவேலு தப்பு."

"எடுங்க ஸ்டிக்கர."

நகத்தால் சுரண்டி எடுத்தார். அடுத்தது கதவு. நான் பிரசாதத்தை அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தத் தடவை அவள் என் சேலையைப் பிடிக்கவில்லை. வந்தும் என்ன, நடுச்சுவர் ஆள் உயரம்தானே. அவர் ஒவ்வொன்றாகச் சொல்வதும், நடுவில் அவள், "அது அந்த வருசமில்லீங்க, அதுக்கு முந்தி" என்று திருத்துவதும், இரண்டு முறை அவர் தேம்புவதும் கேட்டது. கடைசியில், "அத நா எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

காலையில் குழாயடியில் பார்த்தேன். புருவத்தில் ஸ்டிக்கர் இல்லை. வெள்ளையாகத் தழும்பு மட்டும் இருந்தது.

"வெரதம் முடிச்சியா?"

"முடிச்சனுங்க்கா. அவருதான் சோறு போட்டாரு. உண்ணறதுக்கு முந்தி வழக்கம்போலக் கண்ண மூடுனாரு. நா பேசாம இருந்தேன். அப்பறம் கண்ணத் தொறந்து என்னையப் பாத்து, 'உனக்குந்தான்'னாருங்க."

"பாரு! நீ என்ன சொன்ன?"

"ரெண்டாவதாத்தான எனக்குன்னேன்."

சொல்லும்போதே வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது. ராமாயி குடத்தோடு வருவதைப் பார்த்ததும் அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்ன மதினி, ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்துக்கு வருவீகல்ல?"

"வராம? பாத்தவ சொல்றதுதானுங்க சாட்சி. நாளைக்கு இவரு மாறிட்டாருன்னு யாராச்சும் சொன்னா, பாத்தவ ஒருத்தி வேண்டாமுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை. காங்கேயம் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு. பம்புசெட்டுத் தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீர். அன்றைக்கு மழை விட்டு இளவெயில் அடித்தது. நாங்கள் வரப்பில் நின்றோம். சித்ரா அதே பட்டுச்சேலைதான். அதே திருநீறுதான். இந்த முறை பூ ஒரு முழம்.

பாஸ்டர் ராபின் முதலில் இறங்கினார். கந்தவேல் புது வெள்ளைச் சட்டையோடு பின்னால் இறங்கினார். ஐப்பசித் தண்ணீர், உடம்பு நடுங்கியது.

"என்ன பேரு வெச்சுக்கறதா முடிவு பண்ணியிருக்கீங்க பிரதர்?"

"கந்தவேலுன்னே இருக்கட்டுமுங்க பாஸ்டர்" என்றார். பல் தந்தியடித்தது. "அந்தப் பேரச் சொல்லிக் கூப்பட ஊட்டுல ஒரு ஆளு இருக்குது."

சித்ரா வேறு பக்கம் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது.

பாஸ்டர் அவர் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். தொட்டியில் அலை எழுந்து விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஒரு கணம் அங்கே மனிதரே இல்லை. பிறகு மேலே வந்தார். வாயால் மூச்சு வாங்கி, வெயிலைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள்.

தொட்டியிலிருந்து ஏறி வந்தவருக்கு ராமாயி துண்டோடு ஓடினாள். நனைந்த சட்டை மேலோடு ஒட்டி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. இடது மார்பில், சட்டையின் உள்பக்கம், விரல் நகம் அளவு ஒரு சிவப்பு அம்பு. முனை நெஞ்சைப் பார்த்திருந்தது.

செக்கிங்காரி கண்ணுக்கு அதுதானே முதலில் படும்?

"என்னண்ணே, புதுச் சட்டையில ஆல்ட்ரு ஸ்டிக்கரு ஒட்டியிருக்கு? கடைக்காரென் பாக்காமக் குடுத்துட்டானா? நில்லுங்க, எடுத்து விடுறேன்" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கை போய்ச் சேரவில்லை. பட்டுச்சேலை நனைவதைப் பார்க்காமல் சித்ரா நடுவில் புகுந்து, ராமாயியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் துண்டை வாங்கிக்கொண்டாள்.

"அதுல மட்டும் கை வெக்காதீங்க" என்றாள். "அது எங்கூட்டு ஸ்டிக்கரு."